பழைய வேனை நடமாடும் ஸ்டூடியோவாக மாற்றலாமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கல்யாண வீடியோ, பாட்காஸ்ட், குறும்படம் என்று ஊர் ஊராக வேலை வரும்போது, கடைக்கு மாத வாடகை கட்டுவதைவிட ஒரு பழைய வேனை வாங்கி உள்ளேயே ஸ்டூடியோ போட்டுவிட்டால் என்ன? உங்களுக்கும் இந்த யோசனை வந்திருக்கலாம்.

யோசனை நல்லதுதான். ஆனால், "முதல்ல வேனை வாங்குவோம், மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று இறங்கினால் சேமிப்பு மொத்தமும் மாட்டிக்கொள்ளும். அனுமதி, வெப்பம், சத்தம், மின்சாரம் ஆகிய நான்குக்கும் விடை தெரிந்த பிறகே வேனைத் தேட வேண்டும்.

உள்ளே படம் பிடிப்பீர்களா, வெளியிலா?

மோட்டார்ஹோம் வகை வாகனங்கள் மலேசியாவின் பழைய வாகனச் சந்தையில் குறைவு. எளிதில் கிடைப்பவை டொயோட்டா ஹையேஸ், நிசான் எர்வன் போன்ற வேன்கள்தாம். சாதாரண ஹையேஸின் வெளி அகலமே ஏறக்குறைய 1.7 மீட்டர். அதற்குள் இருவரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால், கேமராவைப் பின்னால் தள்ள இடம் இருக்காது. அகன்ற லென்ஸ் போட்டால் முகம் உப்பித் தெரியும்.

வெளியே படம் பிடித்து, உள்ளே எடிட் செய்வதுதான் திட்டமா? அப்படியானால் ஒரு மேசை, கருவிகளுக்கு அலமாரி, மின்சாரம் இருந்தால் போதும். செலவும் பாதிப் பிரச்சினையும் குறையும்.

ஜேபிஜே என்ன கேட்கும்?

வாகனத்தின் வகை, இருக்கைகளின் எண்ணிக்கை, எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் பதிவில் இருக்கும். இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றுவது, ஜன்னல் வெட்டுவது, கூரையை உயர்த்துவது போன்ற மாற்றங்களை நம் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி ஜேபிஜே அனுமதி தேவை.

எனவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வேனின் பதிவு விவரத்தையும் உங்கள் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு ஜேபிஜே கிளைக்குப் போய்க் கேளுங்கள். அது சரக்கு வேனாகப் பதிவாகியிருந்தால், ஓட்டுநர் உரிம விதிகள் மாறுமா என்பதையும் கேளுங்கள். 'டி' உரிமம் 3,500 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடையுள்ள மோட்டார் கார்களுக்கானது.

"எல்லாம் மாத்தி ரெடியா இருக்கு" என்று விற்பவர் சொன்னால், அந்த மாற்றம் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் தலைவலி உங்களுக்குத்தான்.

வேனைப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

• வங்கிக் கடன் தீர்ந்து, பதிவில் உள்ள வங்கியின் உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்டதா? நிலுவையில் சம்மன் அல்லது தடை இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும்.

• பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் வேன் தேறிவிட்டது என்பதற்காக எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை முக்கியமாக வாகனத்தின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு. எஞ்சினைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரரை அழைத்துப் போங்கள்.

• வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா பகுதியில் எத்தனை வாகனங்கள் நீரில் நின்றன என்பது நினைவிருக்கும். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துச் சேற்றுக்கறை தேடுங்கள். இருக்கைக்கு அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

• வேன் தாங்கும் எடை எவ்வளவு? 4-க்கு 8 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றே ஏறக்குறைய 30 கிலோ வரும். அதற்கு மேல் பேட்டரி, ஏர்கோன், கேமரா, ஆட்கள்.

மழையும் வெயிலும்

நம் ஊர் மதிய மழை இரும்புக் கூரையில் விழுந்தால், உள்ளே ஒலிப்பதிவு செய்யவே முடியாது. கூரைக்கும் கதவுகளுக்கும் அதிர்வைத் தடுக்கும் பியூட்டைல் தாளும், அதன்மேல் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பலகையும் ஒட்டினால் சத்தம் குறையும், அடியோடு போகாது. எதிரொலியைக் குறைக்கத் தடித்த துணி உதவும்.

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தக் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டலாமா? 2019 மே மாதம் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, தனியார் வாகனங்களின் பின்பக்கக் கண்ணாடிகளுக்கு வரம்பில்லை. முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்க ஜன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும்.

மின்சாரக் கணக்கு

12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் 2,560 வாட் மணி இருக்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் கிடைப்பது ஏறக்குறைய 2,050.

மடிக்கணினிக்கு 80 வாட், இரண்டு எல்இடி விளக்குகளுக்கு 120, கேமராவுக்கும் மைக்குக்கும் 40 என்று வைத்தால் மொத்தம் 240 வாட். எட்டு மணி நேரம் ஓடும். 600 வாட் ஏர்கோனைச் சேர்த்துப் பாருங்கள்: இரண்டரை மணி நேரம்கூட வராது. கூரையில் 200 வாட் சோலார் தகடு வைத்தால், நல்ல வெயில் நாளில் கிடைப்பது 800 வாட் மணி அளவு. அது ஏர்கோனுக்கு ஒன்றேகால் மணி நேரம்தான்.

இதற்காக எஞ்சினை ஓடவிட்டு, மூடிய வேனுக்குள் வேலை செய்யாதீர்கள். ஜெனரேட்டரையும் வேனுக்குள்ளோ கதவருகிலோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரையே எடுத்துவிடும். அதைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

காப்புறுதி, படப்பிடிப்பு அனுமதி

செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். சாதாரண வாகனக் காப்புறுதி உங்கள் கேமராவை ஈடுகட்டாது. அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும். வெள்ளப் பாதுகாப்பையும் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும்.

1981-ஆம் ஆண்டு ஃபினாஸ் சட்டம் படத் தயாரிப்புத் தொழிலுக்கு உரிமம் கேட்கிறது. 2020-இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, தனிநபர்கள் சமூக ஊடகங்களில் உரிமமின்றிக் காணொளி வெளியிடலாம் என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியது. காசு வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பது வேறு கதை; ஃபினாஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொது இடமென்றால் ஊராட்சி மன்றத்திடமும், ட்ரோன் பறக்கவிட்டால் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்திடமும் விதிகளைக் கேளுங்கள்.

அப்படியானால் வாங்கலாமா?

மாதத்தில் எத்தனை நாள் வேன் உண்மையிலேயே வேலை செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள் என்றால் வாங்குவது நியாயம். மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்றால், அந்த நாள்களுக்கு மட்டும் வாடகை வேன் எடுத்து, கழற்றக்கூடிய பெட்டிகளில் கருவிகளை வைத்துக் கட்டிக்கொண்டு போவது மலிவு.

எதுவாக இருந்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்தி, உள்ளே அமர்ந்து பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அந்த ஒலிப்பதிவைக் கேட்டாலே வேன் வேண்டுமா, வேண்டாமா என்பது பாதி தெரிந்துவிடும்.