அணில் துணையினங்களை அளவீட்டால் பிரித்தறிதல்

மயிலாப்பூர் மாடவீதி மரங்களிலும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் ஓடித்திரிவது மூவரி அணில். லின்னேயஸ் 1766-இல் விவரித்த இனம். வட இந்தியாவின் ஐவரி அணிலை முதுகுக் கோடுகளை எண்ணியே பிரித்துவிடலாம். ஒரே இனத்துக்குள் அடங்கும் துணையினங்களில் அந்த வசதி கிடையாது. நிறமோ வயதுக்கு வயது மாறும், அருங்காட்சியகத் தோல்களில் வெளிறியும் போகும். ஆகவே எலும்பை நம்ப வேண்டியிருக்கிறது.

மண்டையோட்டின் நீளம், கன்ன எலும்பு வளைவுகளுக்கு இடைப்பட்ட அகலம், மேல்தாடைக் கடைவாய்ப்பல் வரிசையின் நீளம் முதலியவற்றை வெர்னியர் அளவியால் எடுப்பார்கள். குட்டிகளைச் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் வயது வேறுபாடு துணையின வேறுபாடாகத் தோன்றும். ஏதேனும் ஓர் அளவை மட்டும் பார்த்தால் ஒப்பிடும் இரு துணையினங்களின் அளவுகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படியும். பல அளவுகளை ஒருசேரப் பார்க்கும்போதுதான் பிரிவு தெரியும். அதற்கான கருவிகள் இரண்டு 1936-இல் வெளிவந்தன: புள்ளியியலாளர் ஃபிஷரின் பிரித்தறி சார்பு (பல அளவுகளைச் சேர்த்துக் கூட்டங்களைப் பிரிக்கும் சூத்திரம்), கொல்கத்தாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வகுத்த, கூட்டங்களுக்கு இடையிலான தொலைவு. நீளம் கூடினால் அகலமும் கூடும் என்ற உறவைக் கணக்கில் கொள்வது இரண்டின் பலம்.

மாதிரிகள் குறைந்து அளவுகள் பெருகினால் பிரித்தறி சார்பு இல்லாத பிரிவையும் காட்டிவிடும். சூத்திரம் அமைக்கப் பயன்படாத மண்டையோடுகளைக் கொண்டு அதைச் சோதிப்பது கட்டாயம்.

இத்தகைய ஒப்பீடு துணையினங்களைத் தனி இனங்களாக்கியதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வாழும், மங்கிய கோடுகளுடைய சிறிய அணில்கள் நெடுங்காலம் ஒரே இனத்தின் துணையினங்களாகக் கருதப்பட்டன. ஆய்வாளர்கள் திசநாயக்கவும் ஓஷிடாவும் உடலளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2012-இல் அவற்றை இரண்டு இனங்களாகப் பிரித்தனர்.