ஜெஸ் ஃபிஷ்லாக்: வேல்ஸ் பெண்கள் கால்பந்தின் நீண்ட காத்திருப்பு

வேல்ஸ் நாட்டுக்காக அதிக ஆட்டங்களில் ஆடியவரும், அதிக கோல்களை அடித்தவருமான ஜெஸ் ஃபிஷ்லாக், 2025 அக்டோபர் 25 ஆம் தேதி கார்டிஃப் நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஆட்டத்துடன் சர்வதேசக் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றார்.

166 ஆட்டங்கள், 48 கோல்கள் என்பது அவரது கணக்கு. ஆனால் பெரிய சர்வதேசப் போட்டித் தொடர் ஒன்றில் தன் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு அவருக்கு 38 ஆவது வயதில்தான் கிட்டியது. இதற்கான காரணங்களை வேல்ஸ் பெண்கள் கால்பந்தின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

தடையும் அங்கீகாரமும்

பிரிட்டனின் ஓர் அங்கமாக இருந்தாலும், கால்பந்தில் வேல்ஸுக்குத் தனிச் சங்கமும் தனி அணியும் உண்டு. இங்கிலாந்துச் சங்கம் 1921 இல் தனது மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே வேல்ஸ் சங்கமும் அவ்வழியைப் பின்பற்றியது. அத்தடை 1970 வரை நீடித்தது.

தடை நீங்கிய பின்னரும் பெண்கள் அணி சங்கத்தின் பொறுப்பில் வரவில்லை. லாரா மெக்காலிஸ்டர் உள்ளிட்ட மூன்று வீராங்கனைகள் சங்கத் தலைமையை நேரில் சந்தித்து வலியுறுத்திய பின்னர், 1993 இல்தான் அது அதிகாரபூர்வ அணியாகியது. அரசியல் அறிவியல் பேராசிரியரான மெக்காலிஸ்டர், 2023 இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யுஇஎஃப்ஏவின் நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானார்.

அணி அங்கீகாரம் பெற்றபோது, 1987 இல் கார்டிஃபில் பிறந்த ஃபிஷ்லாக்குக்கு வயது ஆறு.

வெளிநாடுகளில் வெற்றி

அவர் 2006 இல் தேசிய அணியில் அறிமுகமானார். 2008 இல் நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மார் அணியில் சேர்ந்தபோது, வேல்ஸில் பெண்களுக்கென நாடு தழுவிய லீக் எதுவும் இருக்கவில்லை. அது 2009 இல்தான் தொடங்கியது. கால்பந்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய வேல்ஸ் பெண்ணுக்கு எல்லை கடப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை எனலாம்.

அதன்பின் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அகாடமி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சிட்டி, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விக்டரி ஆகிய அணிகளில் நடுக்கள வீராங்கனையாக ஆடினார். அமெரிக்கப் பெண்கள் தேசிய லீக் தொடங்கிய 2013 ஆம் ஆண்டிலேயே சியாட்டில் ரெய்ன் அணியில் சேர்ந்தார். 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் லீக் சுற்றில் அவ்வணி முதலிடம் பெற்றது. 2021 இல் அந்த லீக்கின் மிக மதிப்பு வாய்ந்த வீரராக அவர் தேர்வானார்.

ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற இரு அணிகளுக்காகவும் அந்தந்தப் பருவங்களில் அவர் ஆடினார்: 2015 இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், 2019 இல் பிரான்ஸின் லியோன். பெண்கள் கால்பந்துக்கும் ஒருபாலின ஈர்ப்புடையோர் சமூகத்துக்கும் ஆற்றிய பணிக்காக 2018 இல் அவருக்கு எம்பிஇ விருது வழங்கப்பட்டது.

தாமதமாக வந்த தருணம்

தாய்நாட்டு அணியில் நிலைமை வேறாக இருந்தது. 2017 இல், ஆண் பெண் இருபாலரிலும் வேல்ஸுக்காக 100 ஆட்டங்கள் ஆடிய முதல் நபரானார். ஆயினும் தகுதிச் சுற்றுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. 2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் விழுந்த கோல் வேல்ஸின் உலகக் கோப்பைக் கனவைக் கலைத்தது.

இறுதியில் 2024 டிசம்பரில் டப்ளினில் அயர்லாந்தை வீழ்த்தி, வேல்ஸ் முதன்முறையாக ஐரோப்பிய சாம்பியன்ஷிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2025 ஜூலை 9 அன்று பிரான்ஸுக்கு எதிராக ஃபிஷ்லாக் அடித்த கோலே, பெரிய போட்டித் தொடர் ஒன்றில் வேல்ஸ் பெண்கள் அணியின் முதல் கோல். 38 ஆண்டுகள் 176 நாட்கள் வயதில், அப்போட்டி வரலாற்றில் கோல் அடித்த மிக மூத்த வீராங்கனை என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. எனினும் வேல்ஸ் தனது மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

2023 ஜனவரியில் வேல்ஸ் சங்கம் ஆண், பெண் தேசிய அணிகளுக்குச் சம ஊதியம் அறிவித்தது. அதற்கு வழிவிட்டு ஆண்கள் அணியினர் தமது ஊதியத்தைக் குறைத்துக் கொண்டனர். ஆனால் உள்நாட்டுப் பெண்கள் லீக் இன்னும் முழுமையான தொழில்முறை லீக்காக மாறவில்லை. ஃபிஷ்லாக்கின் இடத்தை நிரப்ப வரும் அடுத்த தலைமுறையினரும் முழுநேர ஆட்டக்காரர்களாக வாழப் பெரும்பாலும் வேல்ஸுக்கு வெளியேதான் செல்ல வேண்டியுள்ளது.