கிடாவைப் பிரித்து வைத்த பேக்வெல்

கிடாவும் பெட்டையும் ஆண்டு முழுதும் ஒரே மந்தையில் மேய்ந்தால், எந்தக் குட்டிக்கு எந்தக் கிடா தகப்பன் என்று தெரியாது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் குத்தகை நிலத்தில் ஆடு வளர்த்த ராபர்ட் பேக்வெல் (1725-1795) இதற்கு ஒரு வழி செய்தார். கிடாக்களைத் தனியே அடைத்தார். பருவம் வந்ததும், தாம் தேர்ந்தெடுத்த பெட்டைகளோடு மட்டும் சேர்த்தார். செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதம். இலையுதிர் காலத்தில் சேர்த்தால், வசந்தத்தில் புல் தளிர்க்கும்போது குட்டி பிறக்கும்.

நல்ல கிடாக்களை அவர் விற்காமல், ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். பிறர் பண்ணையில் பிறந்த குட்டிகளைப் பார்த்தே கிடாவின் தரத்தை அறிந்தார். இப்படி உருவான நியூ லெஸ்டர் இனம் சீக்கிரம் கொழுத்தது. ஆனால் கறியில் கொழுப்பு அதிகம், ஈற்றுக்குக் குட்டிகள் குறைவு என்ற குறைகளும் கூடவே வந்தன. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதன் விலையையும் மந்தையே கொடுக்கிறது.