முதியோரின் மருத்துவச் செலவும் வன்கொடுமைத் தடுப்பும்

நம்பிக்கைக்குரிய உறவில் உள்ள ஒருவர், முதியவருக்குத் தீங்கோ மனத்துயரோ விளையும்படி நடந்துகொள்வதும், செய்ய வேண்டியதைச் செய்யாது விடுவதும் முதியோர் வன்கொடுமை எனப்படும். அடிப்பது மட்டுமன்று, ஏசுதல், ஓய்வூதியத்தை வாங்கி வைத்துக்கொள்ளுதல், உணவையும் மருந்தையும் மறுத்தல், தனியே விட்டுச் செல்லுதல் ஆகியனவும் இதில் அடங்கும். 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டில் ஏதேனும் ஒரு கொடுமைக்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பல வீடுகளில் புறக்கணிப்பு மருந்துச் சீட்டில் தொடங்குகிறது. மாத்திரை தீர்ந்த செய்தியைச் சொல்ல முதியவர் தயங்குகிறார். செலவை எண்ணி மகனோ மருமகளோ அடுத்த மாதம் பார்க்கலாம் என்கின்றனர். மருத்துவச் செலவுக்கு முழுவதும் பிறர் கையை எதிர்பார்ப்பவர், தமக்கு நேரும் கொடுமையையும் வெளியே சொல்ல அஞ்சுவார். ஆகவே முதியவர் பெயரிலேயே மருத்துவப் பாதுகாப்பைப் பெற்றுத் தருவது கொடுமையைத் தடுக்கும் முதற்பணிகளுள் ஒன்றாகும்.

செலவுக்கு உள்ள வழிகள்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டையில் முதியவரின் பெயர் நீக்கப்பட்டிருந்தால் இப்பயன் கைநழுவிப் போகும் என்பதால், அதை முதலில் சரிபாருங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது.

இவ்விரண்டும் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே உதவும். நாள்தோறும் உட்கொள்ளும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நடமாட இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் அவற்றை இல்லத்திற்கே கொண்டு வருவர். இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அத்திட்டத்தில் உண்டு. உங்கள் ஊரில் இப்பணி தடைப்பட்டிருந்தால் கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். வாய்மொழி முறையீட்டைவிட, பதிவான தீர்மானத்திற்கு அலுவலகத்தில் பதில் கிடைக்க வாய்ப்பு மிகுதி.

அறிகுறிகளை அறிதல்

முதுமையில் தோல் மெலிந்திருக்கும்; இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்குச் சிறு இடிபட்டாலும் கன்றிப்போகும். எனவே ஒரு காயத்தைக் கண்டவுடன் எவரையும் குற்றவாளியாக்க வேண்டாம். மேற்கைகள் இரண்டிலும் பிடித்து அழுத்திய தடங்கள், சொல்லப்படும் காரணத்தோடு பொருந்தாத காயங்கள், கவனிப்பாரற்ற படுக்கைப் புண், விளக்கமற்ற உடல் மெலிவு, வங்கிக் கணக்கில் அவர் அறியாத பணமெடுப்பு ஆகியன ஐயத்திற்கு உரியவை. கேள்வி முதியவரிடம் கேட்கப்பட, விடை எப்போதும் உடன் வந்தவரிடமிருந்தே வருகிறதா என்பதையும் கவனியுங்கள். மருத்துவரிடம் சில நிமிடங்கள் தனியே பேச வேண்டும் என்று கோருவதில் பிழையில்லை. அடிபட்ட காயமாயின் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பின்னாளில் அதுவே சான்றாகும்.

நீங்கள் பராமரிப்பவராக இருந்து, சோர்வும் சினமும் கைமீறுவதாக உணர்ந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். அவ்வாறு சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது.

சொத்தை எழுதிக் கொடுக்குமுன்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதன் 23-ஆம் பிரிவு முதியவர்களுக்குப் பெரிய காப்பு. சட்டம் நடைமுறைக்கு வந்த பின், அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், முதியவர் விருப்பின்படி தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், இச்சட்டத்தை முதியோர் நலன் நோக்கியே பொருள்கொள்ள வேண்டும் எனவும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின்போது நிபந்தனையை நிறுவப் போராடுவதைவிட, செட்டில்மென்ட் பத்திரம் எழுதும்போதே, “உணவு, உறைவிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றை ஆயுள்வரை கவனிக்க வேண்டும்” என்னும் நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் இவ்வாறு கேட்பது முறையன்று என்று கருதும் பெற்றோர் பலர். நல்ல பிள்ளைக்கு அவ்வரியால் இழப்பேதும் இல்லை.

முறையிடும் வழி

தமிழ்நாட்டில் பராமரிப்புத் தீர்ப்பாயத்திற்கு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமை வகிக்கிறார். மனுவை முதியவரே அளிக்கலாம். இயலாதபோது அவர் அனுமதித்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ அளிக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணையைத் தொடங்கலாம். பிள்ளையற்றவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக அடையவிருக்கும் உறவினரிடமிருந்து பராமரிப்புக் கோரலாம். எதிர்த் தரப்பினருக்கு அறிவிப்பு சேர்ந்த 90 நாட்களுக்குள் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை குறித்து முடிவு செய்ய வேண்டும். தக்க காரணமிருப்பின் ஒருமுறை மட்டும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். பராமரிக்கக் கடமைப்பட்டவர் முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்குடன் எங்கேனும் விட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மனு எழுதத் தெரியாதெனில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. அண்டை வீட்டாரும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து எனில் காத்திராமல் 112-ஐ அழையுங்கள்.