ஹனோவர் வழியா வந்த நம்ம பாட்டு

இந்தக் குளிர்காலத்துல நம்ம ரூம் ஸ்டீரியோவுல அதிகம் சுத்தினது எதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. பட்டியல் சின்னது தான் மக்களே.

1. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). பாக்-கும் தியாகராஜரும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ற ஆல்பம். ஜெர்மனியில உக்காந்து கேட்டா கிக்கே தனி :-)
2. 'நத்திங் பட் விண்ட்' (1988). ராஜா, கூடவே ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். செமஸ்டர் பரீட்சை சமயத்துல இது மருந்து.
3. கிளாடியோ அராவ் வாசிச்ச ஷோபினின் வால்ட்ஸ்கள். வெஸ்டர்ன் கிளாசிக்கல்ல எனக்கு அறிவு சொற்பம், ஆனாலும் பிடிச்சிருக்கு.
4. கௌஹர் ஜான், பெங்களூர் நாகரத்தினம்மா மாதிரி நூறு வருஷத்துக்கு முந்தைய குரல்கள். எல்லாம் பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகள்ல இருந்து எடுத்த டிஜிட்டல் நகல். எண்ணெய்ச் சட்டியில கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவுல பாட்டு கேக்கும்.

இந்த நாலையும் ஒண்ணா சேர்க்கிற ஊர் ஒண்ணு இருக்கு. நான் எம்.எஸ். படிக்கிற ஹனோவர் தான் அது. சும்மா ஊர்ப் பெருமைக்காகச் சொல்லல. நம்ம ஊர்ல முதல் முதலா கிராமபோன் கேட்டவங்க கையில இருந்த தட்டுகள் இங்கே அடிக்கப்பட்டவை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

எமில் பெர்லினர் 1851ல் ஹனோவர்ல பிறந்த யூதர். 1870ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். எடிசனோட ஃபோனோகிராஃப் உருளையில பாட்டைப் பதியும். பெர்லினர் உருளையை விட்டுட்டுத் தட்டையான வட்டுக்கு வந்தார். 1887ல் 'கிராமபோன்' காப்புரிமை. தட்டுல என்ன லாபம்னா, ஒரு உலோக அச்சு இருந்தா போதும், இட்லித் தட்டுல ஊத்துற மாதிரி ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளலாம். அன்னிக்கு உருளையில அது சுலபமில்ல. 1898 டிசம்பர்ல சொந்த ஊர்ல, தம்பி யோசஃபோட சேர்ந்து 'டாய்ச்ச கிராமபோன்' கம்பெனியைத் தொடங்கினார். யோசஃப் ஏற்கனவே இங்கே டெலிபோன் ஃபேக்டரி நடத்திக்கிட்டிருந்தார். பொட்பியெல்ஸ்கி தெருவுல (உள்ளூர்க்காரங்க செல்லமா 'பொட்பி'ன்னு சொல்வாங்க) பழைய ஆலை இருந்த இடத்துல இப்ப ஆபீஸ் கட்டிடங்கள் தான் இருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். லண்டன் கிராமபோன் கம்பெனியோட ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பர்ல கல்கத்தாவுல கடை விரிச்சார். மைக் கிடையாது, கரண்ட் கிடையாது. ஒரு பெரிய தகரக் குழாய். அதுக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டு உரக்கப் பாடணும். குழாயோட அந்தக் கடைசியில ஒரு ஊசி, சுத்துற மெழுகுத் தட்டுல கோடு கிழிக்கும். மூணு நிமிஷம் தான். தப்பு பண்ணினா புதுத் தட்டு, மறுபடி முதல்ல இருந்து. அந்த மெழுகுத் தட்டுகளைப் பத்திரமாப் பொட்டி கட்டி, கப்பல்ல ஏத்தி ஹனோவருக்கு அனுப்புவாங்க. இங்கே அதுக்கு உலோக அச்சு எடுத்து, இசைத்தட்டா அடிச்சு, திரும்ப இந்தியாவுக்கு அனுப்புவாங்க. 1902ல பாடினவங்க தங்களோட குரலைக் கேக்க 1903 வரைக்கும் காத்திருக்கணும்.

கௌஹர் ஜானோட பழைய தட்டுகளைக் கேட்டிருக்கீங்களா? பாட்டு முடிஞ்சதும் தன் பேரை இங்கிலீஷ்ல கணீர்னு சொல்லுவாங்க. விளம்பரம்னு தான் தோணும். அதுக்கு வழக்கமா சொல்ற காரணம் வேற. ஹனோவர்ல லேபிள் ஒட்டுறவருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, பாடுறது யாருன்னும் தெரியாது. அந்த ஜெர்மன் தொழிலாளிக்காகச் சொன்ன பேர் அது! எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தர் லேபிளை மாத்தி ஒட்டிட்டா பாடினவங்க பேரே போயிடும் இல்லையா? அந்தக் காலத் தட்டுகள் பலதுலயும் இந்தப் பழக்கம் உண்டு.

1904-05ல் வில்லியம் சிங்க்ளர் டார்பி வந்தார். சென்னையில பதிவு நடந்தது. சேலம் கோதாவரி மாதிரி கலைஞர்கள் குரல் கொடுத்தாங்க. நாகரத்தினம்மாவோட பதிவுகளும் இந்தக் காலத்துல ஆரம்பிச்சவை தான். பின்னாளில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினாங்களே, அதே அம்மா. கவனிங்க, தென்னிந்தியாவுல ஆரம்பத்துல குழாய் முன்னாடி தைரியமா நின்னதுல பெரும் பங்கு தேவதாசி மரபில் வந்த பெண்களோடது. ஆண் வித்வான்கள் பலர் தயங்கினாங்க. ஒரு ராகத்தை மணிக்கணக்குல ஆலாபனை பண்றவங்களை மூணு நிமிஷத்துல முடிங்கன்னா தயக்கம் வராதா என்ன? இந்தப் பெண்களோ கீர்த்தனையை, ஜாவளியைச் சுருக்கி, நறுக்குன்னு பாடிக் கொடுத்தாங்க. மேடையில அவங்களைக் கேட்ட தலைமுறை போயாச்சு. மிச்சம் இருக்கிறது இந்த மூணு மூணு நிமிஷம் மட்டும் தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அந்தத் தட்டைக் கெட்டியா பிடிச்சு வெச்சது அரக்கு. கல்தூள் நிறைய, கறுப்புக்குக் கரி, எல்லாத்தையும் ஒட்ட வைக்க அரக்கு. அன்னைக்கு உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவுல இருந்து தான் போச்சு, முக்கியமா சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகள்ல இருந்து. மரத்துல அரக்குப் பூச்சி கட்டினதைச் சுரண்டி எடுத்தவங்க அங்கத்த ஆதிவாசிகள். ஆக நம்ம அரக்கும் நம்ம குரலும் தனித்தனிக் கப்பல்ல ஜெர்மனி போய், ஒண்ணாச் சேர்ந்து, தட்டா திரும்பி வந்து, நமக்கே விலைக்கு வித்தாங்க. பருத்தி மான்செஸ்டர் போய்த் துணியா வந்த கதை ஸ்கூல்ல படிச்சிருக்கோம். பாட்டும் அதே ரூட்ல போயிருக்கு! 1908ல் கல்கத்தா சியால்டாவுல ஆலை திறந்த பிறகு தான் கிராமபோன் கம்பெனி இந்தியாவுலயே தட்டு அடிச்சது. பிற்பாடு டம்டம்முக்குப் போனது இந்த ஆலை தான்.

ஹனோவர் மட்டும் இல்ல, பெர்லினும் களத்துல இருந்தது. 'பெக்கா' கம்பெனியின் ஹைன்ரிஷ் பும்ப் 1905-06ல் ஆசியா முழுக்கச் சுத்திப் பாட்டு பிடிச்சார். 1903ல் பெர்லின்ல தொடங்கிய 'ஓடியன்' ரெண்டு பக்கமும் பாடுற தட்டைக் கொண்டு வந்தது. அதுவரைக்கும் ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் மொட்டை. 'ஆல்பம்'ங்கிற சங்கதிக்கும் ஓடியனைத்தான் சொல்வாங்க. 1909ல் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசையை நாலு தட்டுல பதிஞ்சு, அதுக்குன்னே செஞ்ச உறையில போட்டு வித்தாங்க. பிற்பாடு ஃபோட்டோ ஆல்பம் மாதிரி தட்டுகளைச் செருகி வைக்கிற அட்டைகள் வந்து, பேரும் ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர் நாடக செட்டுகளும் அந்த வழி தான். ஒரு முழு நாடகத்தையும் பல தட்டுகளாப் பிரிச்சு, ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டுக் கேப்பாங்க.

1914ல் போர். ஹனோவர் கம்பெனி லண்டன் முதலாளிக்குச் சொந்தமா இருந்ததால எதிரி சொத்துன்னு ஜெர்மன் அரசு எடுத்துக்கிச்சு. 1917ல் லைப்சிக்கின் 'பாலிஃபோன்' கம்பெனி கைக்கு மாறிச்சு. ஒரே நாய் லண்டன்ல ஒரு கம்பெனிக்கும் ஜெர்மனியில இன்னொரு கம்பெனிக்கும் காவல் காத்தது. ஆமா, நம்ம எச்எம்வி நாயே தான். ஜெர்மன் கம்பெனி 1949 வரைக்கும் அதை விடல. வெளிநாட்டுல நாயைப் போட முடியாதுங்கிறதால ஏற்றுமதிக்குன்னு 1924ல் வெச்ச பேர் தான் 'பாலிடார்'. 'ஷோலே' இசைத்தட்டுல பார்த்திருப்பீங்களே!

ஓடியனோட இந்தியக் கதையும் அந்தப் போரோட அறுந்து போச்சு. 1930களில் மறுபடி வந்தாங்க, இந்தத் தடவை பம்பாயும் சென்னையும் தான் மையம். சென்னையில ஓடியன் தட்டுகளை வித்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ். அதன் பங்குதாரர்கள்ல ஒருத்தர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். தட்டு வியாபாரத்துல தொடங்கி 1935ல் 'அல்லி அர்ஜுனா' படம் எடுத்தார். பிற்பாடு ஏவிஎம் ஸ்டூடியோ. தமிழ் சினிமாவோட ஒரு பெரிய கம்பெனிக்கு வேர் ஒரு ஜெர்மன் இசைத்தட்டு ஏஜென்சியில இருக்கு!

அப்புறம் அடுத்த உலகப் போர். ஜெர்மன் சரக்குக்குத் தடை. ஓடியன் இந்தியாவை விட்டுப் போச்சு. பிரிட்டிஷ் லைப்ரரியோட 'அழியும் ஆவணங்கள்' திட்டம் ஓடியன் தட்டுகளை டிஜிட்டல் ஆக்க ஒரு வேலை எடுத்தது. அதுல சொல்ற கணக்கைப் பாருங்க. இந்த ரெண்டாவது சுற்றுல மட்டும் வட, தென்னிந்திய இசையில 2,000க்கும் மேல தலைப்புகள் வந்தன. தப்பிப் பிழைச்சதா அவங்க சொல்றது குறைஞ்சது 600. அந்த 600ம் தனியார் சேகரிப்பாளர்கள் கையில இருந்தவை.

எனக்கு இந்த இடம் தான் உறுத்துது. இவ்வளவு பெரிய ஆலைகள், கப்பல், அச்சு, கணக்குப் புத்தகம்... இதுல எதுவும் அந்தக் குரல்களைக் காப்பாத்தல. எங்கேயோ ஒரு வீட்டுல, பாட்டு பிடிச்சுப் போய், திரும்பத் திரும்பக் கேட்டு, தேய்ஞ்ச பிறகும் தூக்கிப் போட மனசு வராம வெச்சிருந்தாங்களே, அவங்க காப்பாத்தினாங்க. பிடிச்ச ஆல்பத்தைப் பத்திரமா வெச்சுக்கிறது வெறும் பொழுதுபோக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நம்ம இசை வரலாற்றுல பாதி வேலை அது தான் போலிருக்கு.

கதையோட கடைசி அத்தியாயமும் இந்த ஊர்ல தான். 1982 ஆகஸ்ட் 17 அன்னிக்கு, ஹனோவரை ஒட்டின லாங்கன்ஹாகன் ஆலையில உலகத்தின் முதல் வணிக சிடிக்களை அடிச்சாங்க. 'அப்பா' குழுவின் 'தி விசிட்டர்ஸ்' முதல்ல வந்ததுன்னு சொல்வாங்க. ஆலையை இயக்கி வைக்க வந்தவர் என் பட்டியல்ல மூணாவதா இருக்கிற அராவ், அதுவும் அதே ஷோபின் வால்ட்ஸ் சிடிக்காக! பெர்லினரோட தட்டை வட்டு பிறந்த வீட்டுக்கே வந்து வெள்ளியா மாறிச்சுன்னு சொல்லலாம்.

சரி, காரியத்துக்கு வருவோம். ஊர்ல தாத்தா வீட்டுப் பரண்ல கனமான கறுப்புத் தட்டு ஏதாவது கிடந்தா, தயவுசெஞ்சு பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுடாதீங்க. படுக்கையா அடுக்காம நிமிர்த்தி நிக்க வையுங்க, இல்லேன்னா பாரத்துல விரிசல் விடும். வெயில் படக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைஞ்சுடும். எல்பி முள்ளை வெச்சு ஓட்டாதீங்க, 78 தட்டோட பள்ளம் அகலம், அதுக்குத் தனி முள் வேணும். ஒண்ணும் செய்ய முடியலேன்னா லேபிளை மட்டுமாவது ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்க. பாடினவர் பேர், பாட்டு, நம்பர் அதுல இருக்கும். அதுல ஹனோவர்னோ பெர்லின்னோ அச்சடிச்சிருந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க மக்கா!