இருதயச் சோதனையும் சமூகத் தெரிவும்: சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வரலாற்றின் ஓர் அம்சம்

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதற்கு முன்னர், அவரது இருதயம் அச்சத்திர சிகிச்சையைத் தாங்குமா எனப் பார்ப்பது இன்று உலகெங்கும் நிலைபெற்ற வழக்கமாகும். இதனை வெறும் தொழில்நுட்ப ஏற்பாடாகக் கருதுவதே பொது வழமை. ஆயினும் எந்தச் சோதனையும் ஒரு சமூகத்துக்குள்ளேயே நிகழ்கின்றது. சோதிப்பவர் யார், செலவை ஏற்பவர் யார், அதில் தேறாதவருக்கு நேர்வது யாது என்னும் வினாக்கள் மருத்துவத்துக்குப் புறம்பானவை அல்ல.

காரைதீவிலிருந்து நோக்கும்போது இவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, வயலையும் கடலையும் நம்பி வாழும் இவ்வூருக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரம் 300 கிலோமீற்றருக்கு மேல். அத்தூரமும் ஒரு சோதனையே.

1

சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. லண்டன் கைஸ் வைத்தியசாலையின் றிச்சட் பிரைட், சிறுநீரக நோயால் இறந்தோரின் இருதயம் பெரும்பாலும் தடித்துப் பருத்திருந்ததை 1836இல் எடுத்துக்காட்டினார். அதே வைத்தியசாலையில் பின்னர் பணியாற்றிய பிரெட்றிக் அக்பர் மொஹமட், நாடித் துடிப்பைப் பதியும் கருவியின் துணைகொண்டு, உயர் குருதியமுக்கம் சிறுநீரக நோயின் விளைவாக மட்டுமன்றி அதற்கு முன்னரும் தோன்றலாம் என 1870களில் நிறுவ முற்பட்டார். இவர் பட்னாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய சேக் டீன் மஹோமெட்டின் பேரர். ஐரோப்பிய மருத்துவத்தின் வளர்ச்சி ஐரோப்பியரால் மட்டும் ஆனதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வுறவின் இயக்கத்தை இன்று தெளிவாக விளக்கலாம். வெளியேறாத நீரும் உப்பும் குருதியமுக்கத்தை உயர்த்துகின்றன. குருதிச்சோகை இருதயத்தின் வேலையைக் கூட்டுகின்றது. சுண்ணமும் பொசுபரசும் நிலைகுலைவதால் குருதிக்குழாய்கள் கடினமாகின்றன. கனடாவில் குருதிச் சுத்திகரிப்பைத் தொடங்கிய 433 பேரை ஆராய்ந்து 1995இல் வெளியான ஆய்வொன்றில், 74 வீதத்தினரின் இடது இதயவறை ஏற்கெனவே தடித்திருந்தமை தெரியவந்தது.

2

1960 மார்ச்சில், சியாட்டில் நகரில், பெல்டிங் ஸ்கிறிப்னர் உருவாக்கிய குழாயிணைப்பின் மூலம் கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்கு நீடித்த குருதிச் சுத்திகரிப்பு தொடங்கியது. அவர் ஒரு இயந்திரத் தொழிலாளி. சில வாரங்களில் இறந்திருக்க வேண்டியவர் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971இல் அவரது உயிரைப் பறித்தது சிறுநீரகமன்று, மாரடைப்பே. நீண்டகாலம் சுத்திகரிப்புப் பெற்றோரின் மரணங்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை குருதிக்குழாய் நோயால் நேர்ந்தன என ஸ்கிறிப்னரின் குழுவினர் 1974இல் வெளியிட்டனர். ஓர் உறுப்பின் பணியை இயந்திரம் ஏற்றதும், மற்றோர் உறுப்பின் நோய் வெளிப்பட்டது.

அதே நகரம் வேறொன்றையும் வெளிப்படுத்தியது. இயந்திரங்கள் சில, நோயாளர் பலர். எனவே, உயிர்பிழைக்க வேண்டியோரைத் தெரிவதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் போன்ற எழுவர் அதில் அமர்ந்தனர். விண்ணப்பகாரரின் வருமானம், சொத்து, கல்வி, தொழில், குடும்பநிலை ஆகியன அங்கு எடைபோடப்பட்டன. 1962இல் 'லைஃப்' சஞ்சிகை இதனை உலகறியச் செய்தது. பத்து ஆண்டுகளின் பின், 1972இல், இச்சிகிச்சையின் செலவைப் பெருமளவில் ஏற்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியதும் அத்தகைய குழுக்களுக்குத் தேவை அற்றுப்போயிற்று. சொத்தை ஒழுக்கமாகவும் வருமானத்தைத் தகுதியாகவும் கணித்த அத்தராசு, மருத்துவத்தின் தேவையால் எழுந்ததன்று, பற்றாக்குறையால் எழுந்தது. பற்றாக்குறையோ இயற்கையின் விதியன்று.

3

உறுப்புமாற்றின் வரலாறும் இதே காலத்ததே. பொஸ்டனில் 1954 டிசம்பரில் இரட்டையரிடையே நிகழ்ந்த மாற்று வெற்றிபெற்றது. 1971இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்தியாவில் அவ்வெற்றியைக் கண்டது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. தொடக்கத்தில் இளவயதினரே பெரிதும் தெரிவுசெய்யப்பட்டனர். பின்னர் முதியோரும் நீரிழிவு நோயாளரும் பட்டியலில் இடம்பெற்றபோது, இருதயச் சோதனையும் விரிவடைந்தது. ஈ.சி.ஜி., எக்கோ, உடலுழைப்பாலோ மருந்தாலோ இருதயத்தைத் தூண்டிப் பார்க்கும் சோதனை, இறுதியாக அஞ்சியோகிராம் என அது படிப்படியாக நீண்டது.

இச்சோதனைகளின் தேவையை மறுப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. ஆபத்தான இருதய நோயை அறியாது கத்தி வைப்பது கொடுமை. தானமாகக் கிடைத்த அரிய உறுப்பும் வீணாகும. ஆயினும் கூடுதலான சோதனை கூடுதலான நன்மை தரும் என்ற எடுகோள் இன்று ஆட்டங்கண்டுள்ளது. 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, சிறுநீரக நோய் முற்றியவரும் இருதயத் தசைக்குக் குருதி போதாமை கண்டறியப்பட்டவருமான 777 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் உடனடியாக அஞ்சியோகிராமுக்கும், பொருத்தமாயின் அடைப்பு நீக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். மற்றப் பிரிவினருக்கு முதலில் மருந்து மட்டும் வழங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மரணமோ மாரடைப்போ முதற்பிரிவில் குறையவில்லை. மிகப் பலவீனமான இருதயமுடையோரும் மருந்துக்கு அடங்காத மார்பு நோவுடையோரும் இவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். அஞ்சியோகிராமில் ஏற்றப்படும் சாயம் எஞ்சியுள்ள சிறுநீரகச் செயற்பாட்டையும் பாதிக்கக்கூடும்.

இன்னொரு சான்று இதனினும் முக்கியமானது. சுருங்கும் ஆற்றல் வெகுவாகக் குன்றிய இருதயமுடைய 103 பேருக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டதன் விளைவு 2005இல் அமெரிக்காவிலிருந்து வெளியாயிற்று. ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை வெளித்தள்ளும் குருதியின் பங்கு, சராசரியாக 32 வீதத்திலிருந்து ஓராண்டில் 52 வீதமாக உயர்ந்தது. அதாவது, எந்தப் பலவீனத்தைக் காட்டி ஒருவரை வாயிலில் நிறுத்துகின்றோமோ, அதற்கான மருந்தே வாயிலின் உட்புறத்தில் இருந்திருக்கலாம்! ஒரே சோதனை பாதுகாப்பாகவும் விலக்கலாகவும் மாறும் முரண்பாடு இதுவே. சோதனையின் முடிவு தீர்ப்பன்று; சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான தொடக்கம்.

4

இலங்கையின் கட்டணமற்ற அரச மருத்துவம் மக்கள் ஈட்டிய பெரும் பேறு. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை எனினும், அதற்கான பாதைக்குச் செலவு உண்டு. பயணம், தங்குமிடம், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலி, வரிசை நீளும்போது வெளியே பணங்கொடுத்துச் செய்யும் சோதனை ஆகியவற்றின் கூட்டுத்தொகை, வயற்கூலியாளரையும் தோணித் தொழிலாளரையும் சொல்லாமலே விலக்கிவிடுகின்றது. சியாட்டிலில் எழுவர் அமர்ந்து செய்ததை, இங்கு எவரும் அமராமலே தூரமும் பணமும் செய்துவிடுகின்றன. அக்குழுவையாவது பெயர்சொல்லிக் கண்டிக்க முடிந்தது. பேருந்துக் கட்டணத்தை எவரும் கண்டிப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளே அரிதானபோது, இப்பிளவு மேலும் அகன்றது.

மொழியும் இவ்விடத்தில் ஒரு வர்க்கக் கருவியாகின்றது. தன் இருதயத்தைப் பற்றிய அறிக்கையைத் தானே வாசிக்க முடியாதவர், அபாயத்தை எடைபோட்டுச் சம்மதம் தெரிவிப்பது எங்ஙனம்? தமிழில் இது இயலாது என்போர் வரலாறு அறியாதவர். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்தர், 'யாழ் நூல்' தந்தவராக மட்டுமே நினைவுகூரப்படுகின்றார். அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், தமிழில் அறிவியற் கலைச்சொல்லாக்கப் பணியில் ஈடுபட்டவர் என்பதும் மறக்கப்படுகின்றன.

ஆகவே கோரிக்கை தெளிவானது. அடிப்படைச் சோதனைகள் கரையோரத்து வைத்தியசாலைகளிலேயே நிறைவுபெற வேண்டும். கடுஞ்சோதனைகள் நோயாளியின் அறிகுறியும் தேவையும் நோக்கியே பணிக்கப்பட வேண்டும். முடிவு அவரது மொழியில் அவருக்கு விளக்கப்பட வேண்டும். காரைதீவின் தமிழருக்கும், அயலிலுள்ள சாய்ந்தமருது, நிந்தவூர் முஸ்லிம்களுக்கும் இக்கோரிக்கை பொதுவானது. அவர்களைப் பிரித்து வைக்கும் அரசியலுக்கு எல்லைகள் உண்டு. செயலிழந்த சிறுநீரகத்துக்கு அவை இல்லை.