கனவுக்குள் வந்தவள்

புலம்பெயர்ந்து வந்த முதல் வருடங்களில், ஓர் அறைக்குள் ஆறேழு பேராய்ப் படுத்த காலத்தில், நடுச்சாமத்தில் ஒருவன் மூச்சுத் திணறி எழும்புவது எமக்குப் புதினமல்ல. யாரோ நெஞ்சில் ஏறி இருந்ததுபோல் கிடந்தது என்பான். "மோகினி பிடிச்சிட்டாள், ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம். அவளுக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருப்பது அப்போது எமக்குத் தெரியாது.

ஐரோப்பியர் அவளைச் சக்குபஸ் என்பார்கள். கீழே படுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். உறங்கும் ஆணிடம் பெண் வடிவில் வந்து கூடிப் போகும் பேய். சனங்களின் பயமாக இருந்ததை இறையியலாக்கியவர்கள் துறவிகள். விழித்திருக்கும்போது காத்த விரதம் உறக்கத்தில் கலைந்தால் அந்தப் பாவம் யாருடையது? அகஸ்தீன்கூடத் தன் சுயசரிதையில் இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் ஒரு செய்முறையே சொன்னார்: பேய்க்குச் சொந்த வித்து இல்லை, பெண்ணாக வந்து ஆணிடம் பெற்று, பிறகு ஆணாக மாறி ஒரு பெண்ணிடம் சேர்த்துவிடும்.

இதை வெறும் வேடிக்கையென்று தள்ளிவிட முடியாது. 1485இல் இன்ஸ்புறுக் நகரத்தில் ஹைன்றிச் கிறாமர் என்ற டொமினிக்கன் துறவி சூனியக்காரிகள் என்று சில பெண்களை விசாரித்தார். ஹெலேனா ஷொய்பரின் என்பவளிடம் அவர் துருவிக் கேட்டது அவளுடைய படுக்கையறை பற்றி. ஆயரின் பிரதிநிதியே இது வழக்குக்குத் தேவையற்றது என்று மறித்தார். பெண்கள் விடுதலையானார்கள், கிறாமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார் ஆயர். அவமானப்பட்டுப் போன மனிதர் எழுதிய நூல்தான் 'சூனியக்காரிகளின் சம்மட்டி'. சக்குபஸின் செய்முறை அதற்குள்ளும் விரிவாக இருக்கிறது. கனவில் வந்தவளைப் பிடிக்க ஒருவராலும் முடியாது. பிடிபட்டவர்கள் அயல்வீட்டுப் பெண்கள்.

அவளைக் கதைக்குள் அழகாகக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. 1836இல் வெளிவந்த அவருடைய கதையில், றொமுவால் என்ற இளைஞன் குருப்பட்டம் பெறும் அதே வேளையில் கிளாரிமோந்தைக் காண்கிறான். அவள் இறந்துபோகிறாள். பிறகு அவன் பகலில் ஒரு கிராமத்துக் குரு, இரவில் வெனிஸ் நகரத்துச் சீமான், அவளுடைய காதலன். எது கனவு, எது வாழ்வு என்று அவனுக்கே தெரியவில்லை. உறங்கும் அவன் கையில் ஊசியால் குத்திச் சில துளி இரத்தம் குடித்துத்தான் அவள் உயிர் தரிக்கிறாள். அதிலும் கனக்கக் குடிக்க அவளுக்கு மனம் வராது. கடைசியில் மூத்த குரு கல்லறையைத் தோண்டித் தீர்த்தம் தெளிக்க, அவள் தூசாகிறாள். கிழவனாகிவிட்ட றொமுவாலுக்கு அவளை இழந்த துக்கம் ஆறவேயில்லை. கோத்தியே பேயின் பக்கம் நிற்கிறார் என்பது எம் எண்ணம். இன்றைய காமக் கதைகளில் அவளே கதாநாயகி. 2007இல் வந்த றிஷெல் மீட்டின் நாவலில், சியாட்டில் நகரத்துப் புத்தகக்கடையொன்றில் வேலை செய்தபடி அவளே தன் கதையைச் சொல்கிறாள். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகாவது அவளுக்கும் ஒரு வாய் கிடைத்ததே!

இருந்தாலும் எம்மை உலுக்கியது இந்தக் கதைகளல்ல. வடகிழக்குத் தாய்லாந்தில், இசான் பிரதேசத்தில், அவளுடைய பெயர் விதவைப் பேய். இறந்த பெண் புருஷன் தேடி வந்து, உறங்கும் ஆண்களைக் கொண்டுபோவாள் என்பது நம்பிக்கை. 1982க்கும் 1990க்கும் இடையில் சிங்கப்பூரில் வேலை செய்த தாய்லாந்து ஆண்களில் 200க்கும் மேற்பட்டோர் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தார்கள். வருத்தம் துன்பம் இல்லாத திடகாத்திரமான ஆட்கள். இரவு படுத்தவர்கள் எழும்பவில்லை. 1990இல் பயம் ஊர்களைப் பிடித்தது. வீட்டு வாசல்களில் மரத்தால் செய்த ஆண்குறிகளைத் தொங்கவிட்டார்கள். பேய் தம்மைப் பெண்ணென்று நினைக்கட்டும் என்று சில ஆண்கள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு படுத்தார்கள். 1977 தொடக்கம் அமெரிக்காவிலும் லாவோசிலிருந்து வந்த மொங் அகதி ஆண்கள் பலர் இப்படியே உறக்கத்தில் இறந்தார்கள். அவர்கள் பேய்க்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

1992இல் ஸ்பெயினைச் சேர்ந்த புருகாடா சகோதரர்கள் இதயத்தின் மின்னோட்டக் கோளாறு ஒன்றை விவரித்தார்கள். பரம்பரையாய் வரக்கூடியது, ஆண்களை அதிகம் தாக்குவது, பெரும்பாலும் உறக்கத்தில் கொல்வது. தாய்லாந்துச் சாவுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம் என்பது அடுத்த சில வருடங்களில் தெரிந்தது.

எம் அறையில் திணறி எழும்பியவனுக்கு வந்தது இதுவல்ல. கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை தசைகளைக் கட்டிவைக்கும். கட்டு அவிழுமுன் விழிப்பு வந்தால் நெஞ்சில் பாரம் தெரியும், அருகில் ஆள் நிற்பதாகத் தோன்றும். அது கொல்லாது. அவன் எழும்பினான், நாம் சிரித்தோம். சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் எழும்பாதவர்களுக்கு ஊரில் மனைவிமார் இருந்தார்கள். பேய்க்குச் சூட்டிய பெயர் கடைசியில் அவர்களுக்குத்தான் வந்து சேர்ந்தது.